மூன்றரை டிகிரி

4

மன்னிப்புக் கடிதம் தயாராக இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டியவள்தான் தயாராக இல்லை.

பவளச்சோலை ரிசார்ட்டின் செக்யூரிட்டி அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் மீனம்மாள். பக்கத்துத் தாழைவலசைக் கிராமத்துக்காரி. முப்பத்தெட்டு வயது, நாலு ஆடு, இரண்டு பெண் பிள்ளைகள். காலை ஆறு மணிக்கு ரிசார்ட்டின் தண்ணீர்க் குழாயை அரிவாளால் வெட்டிவிட்டுத் திரும்பும்போது வாட்ச்மேனிடம் சிக்கிக்கொண்டாள். இப்போது மணி பதினொன்று. அவளுக்குக் காவலாக வந்த பெண் கான்ஸ்டபிள் ஜன்னலோரம் நின்று கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார்.

"பைப்பை வெட்டுனது நீங்கதானா?" என்று கேட்டாள் வீரலட்சுமி.

"ஆமா."

"எதுக்கு?"

"எங்க தண்ணிய எடுத்தான். வெட்டுனேன்."

"யாரு தூண்டிவிட்டது?"

"தாகம்" என்றாள் மீனம்மாள்.

சுவரோரம் நின்ற மதார் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "அக்கா, கேஸ் முடிஞ்சுபோச்சு. இப்பக் கெளம்புனா ராம்நாடு பஸ் ஸ்டாண்டுல பரோட்டா சூடா இருக்கும்."

வீரலட்சுமி அவனை முறைத்தாள். எட்டு வருடங்களுக்கு முன்வரை அவள் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். மேலே இருந்தவர்கள் டைப் அடித்துக் கொடுத்த ரிப்போர்ட்டைப் படிக்காமல் ஒருமுறை கையெழுத்துப் போட்டாள். ஓர் அப்பாவி பதினான்கு மாதம் உள்ளே இருந்தான். அவன் வெளியே வந்த வாரம் இவள் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். இப்போது ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அறை எடுத்துத் தனியார் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறாள். நிறுவனம் என்றால் அவள், ஒரு ஃபேன், மதார். பெரியபட்டினத்துப் பையனான மதாருக்கு வயது முப்பது. வாய்க்கு மட்டும் தனியாக வயது உண்டு, அது இன்னும் பத்தைத் தாண்டவில்லை.

மேஜை மேலிருந்த கடிதத்தை வீரலட்சுமி எடுத்துப் படித்தாள். இரண்டே வரி. 'ரிசார்ட்டின் குழாயை வெட்டியதற்கு வருந்துகிறேன். ரிசார்ட்டுக்கும் எங்கள் கிராமத்துக்கும் தண்ணீர்த் தகராறு எதுவும் இல்லை.'

"இதுல கையெழுத்துப் போட்டா கம்ப்ளெய்ண்ட்டை வாபஸ் வாங்குறேங்கிறாங்க. போடலேன்னா சாயங்காலம் மாஜிஸ்ட்ரேட்டு, அப்புறம் ஜெயிலு. பிள்ளைங்கள யாரு பாப்பா?"

"மொத வரிய வேணும்னா யோசிக்கிறேன். ரெண்டாவது வரிக்குக் கழுத்த அறுத்தாலும் போட மாட்டேன்."

வீரலட்சுமிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதாலேயே எச்சரிக்கையானாள். கட்சிக்காரர் இந்தப் பெண் இல்லை. காலை எட்டு மணிக்குப் போன் போட்டு அவளை வேலைக்கு அமர்த்தியவர் ரிசார்ட்டின் முதலாளி குருநாதன்.

குருநாதன் வெளியே காத்திருந்தார். கதர்ச் சட்டை, கழுத்தில் துளசிமணி, காலில் சணல் செருப்பு. இயற்கையை நேசிக்கிறவர் என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பதற்காக உடுத்தின உடை.

"இன்னிக்கு நாலு மணிக்குக் கமிட்டி வருது மேடம். பசுமைச் சுற்றுலாச் சான்றிதழ். தமிழ்நாட்டுக் கடற்கரையில இதுவரை யாருமே வாங்கலை. வாங்கினா ரெண்டாம் கட்டமா அறுபது ரூம் கட்ட அனுமதி கிடைக்கும். ஒரே கண்டிஷன், உள்ளூர் ஜனங்களோட தகராறு இருக்கக் கூடாது. இது ஊர்ப் பிரச்சினை இல்லை, ஒரு பொம்பளையோட தனிப்பட்ட வயித்தெரிச்சல்னு வெளியாள் ஒருத்தர் விசாரிச்சுச் சொல்லணும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்." பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "உங்க வேலையைச் சுலபமாக்கிட்டேன். ரிப்போர்ட்டை டைப் பண்ணியே வச்சிருக்கேன். கீழே ஒரு கையெழுத்து."

வீரலட்சுமியின் காது மடல் சூடானது. மறுபடியும் அதே டைப் அடித்த காகிதம்.

"மொதல்ல வெட்டுன பைப்பைப் பாக்கலாம்" என்றாள்.

ரிசார்ட்டுக்குள் நடந்தார்கள். வழியெங்கும் பலகைகள். 'மரம் நம் தாய்.' 'கடல் நம் தந்தை.' 'ஒவ்வொரு துளியும் உயிர்.' பலகைகளுக்கு நடுவே பச்சைப் பசேலென்று அரை ஏக்கர் புல்வெளி. அதில் ஆறு இடத்தில் தண்ணீர் பூவாய்ச் சுழன்று தெறித்துக்கொண்டிருந்தது. ஆனி மாதத்து ராமநாதபுரம் ஜில்லாவில் ஒருவன் புல் வளர்க்கிறான் என்றால் அவன் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும், இல்லை திருடனாக இருக்க வேண்டும். எந்த வகை என்று சொல்லத்தான் துப்பறிகிறவர்கள் இருக்கிறார்கள்.

"இவ்வளவு தண்ணி ஏதுங்க?"

குருநாதன் இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் மாதிரி மலர்ந்தார். "ஒரு சொட்டு நிலத்தடி நீர் எடுக்கிறதில்லை மேடம். எல்லாம் கடல்! மெஷின் வச்சுக் கடல்தண்ணியை இழுத்து, நல்ல தண்ணியைப் பிரிச்சு எடுத்துக்கிட்டு, மிச்சக் கரிப்பைத் திரும்பக் கடல்லேயே விட்டுடறோம். எங்க சான்றிதழுக்கே அதுதான் உயிர்நாடி."

மெஷின் அறை கடலோரத்தில் இருந்தது. உள்ளே மோட்டார் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது. "காலைல பைப் வெட்டுப்பட்டு நின்னுபோச்சு. ஒன்பதரைக்கெல்லாம் புதுத் துண்டு போட்டு ஓட்டிட்டோம். பாருங்க, நல்லா வேலை செய்யுது!" என்று குருநாதன் கத்தினார்.

மதார் அக்காவின் காதருகே குனிந்தான். "சத்தம் போடுறதெல்லாம் வேல செய்யுதுன்னா, நம்ம ஆபீஸ் ஃபேனுக்குக் கலெக்டரு அவார்டு குடுக்கணும்க்கா."

வெட்டுப்பட்ட பழைய துண்டைச் சுவரோரம் சாட்சியாக வைத்திருந்தார்கள். கை தடிமனுள்ள வெள்ளை பிளாஸ்டிக் குழாய். வீரலட்சுமி அதன் வாயை விரலால் சுற்றித் தடவினாள். ஒரு பிசிறு இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. வட்டம் வரைந்த மாதிரி இருந்தது.

"அருவாளால இம்புட்டு நேக்கா வெட்டுமா அந்தம்மா? எங்க அக்கா மகன் பொறந்தநாளுக்குக் கேக் வெட்டக் கூப்பிடலாம்போல" என்றான் மதார்.

ரம்பம். வீரலட்சுமி அந்தச் சொல்லை வெளியே சொல்லவில்லை. ஆனால் 'வெட்டினேன்' என்று வாக்குமூலம் கொடுத்த ஒருத்தி ஏன் அரிவாளால் வெட்டாத குழாய்க்குப் பொறுப்பேற்கிறாள் என்பது அவளுக்குப் புரியவில்லை.

மிச்சக் கரிப்பு வெளியேறும் குழாய், அறைக்குப் பின்னால் பாறைகளுக்கு நடுவே கடலில் விழுந்துகொண்டிருந்தது. விழுகிற இடத்தில் பாசி தழைத்திருந்தது. குட்டி நண்டுகள் ஓடிப்பிடித்து விளையாடின.

"கடலைவிட ரெண்டு மடங்கு கரிக்கிற தண்ணியாம். நண்டு குடும்பத்தோட குடியேறியிருக்கு. வாடகை கம்மி போலக்கா."

"ஏலே மதாரு, அந்தத் தண்ணியில ஒரு பாட்டில் பிடி" என்றாள் வீரலட்சுமி.

திரும்பும் வழியில் மணல்மேட்டின் உச்சியில் ஒரு வேலி தெரிந்தது. பச்சை வலை, பூட்டிய கதவு, பெரிய பலகை. 'கடலாமை முட்டைப் பாதுகாப்பகம். உள்ளே நுழையாதீர்.'

"எங்க பெருமையே இதுதான். முட்டையெல்லாம் சேகரிச்சு உள்ளே புதைச்சு வச்சுப் பாதுகாக்கிறோம். மனுஷ வாசனை பட்டாலே கெட்டுடும். கமிட்டிக்கும் தூரத்திலேர்ந்துதான் காட்டுவோம்" என்றார் குருநாதன்.

"நல்லது. எங்க வீட்டுல என் வாசனைய யாரும் இம்புட்டு மதிச்சதில்ல" என்றான் மதார்.

குருநாதன் சிரிக்கவில்லை.

*

மதாரின் பைக் மேற்கே பறந்தது. வெயில் தலையில் இறங்கியது. வழியில் தாழைவலசை வந்ததும் வீரலட்சுமி நிறுத்தச் சொன்னாள்.

அந்த ஊரில் குழாய் கிடையாது. கடலோர மணலில் பள்ளம் தோண்டினால் கொஞ்சமாக நல்ல தண்ணீர் ஊறும். அதைத் தேங்காய்ச் சிரட்டையால் வழித்து வழித்துக் குடத்தில் ஊற்றிக்கொள்வார்கள். அதற்கு ஊத்து என்று பெயர். ஊத்துக்குள் இறங்கி உட்கார்ந்திருந்த ஒருத்தியிடம் வீரலட்சுமி கேட்டாள், "ஒரு கொடம் ரொம்ப எம்புட்டு நேரமாகும்?"

"முன்னயெல்லாம் ஒரு பாட்டு பாடி முடிக்கிறதுக்குள்ள ரொம்பிரும். இந்த ரெண்டு வருசமா விடிஞ்சு ஒக்காந்தா உச்சி ஆயிரும். அதுவும் கரிக்குது. பருப்புப் போட்டா வேக மாட்டேங்குது." சிரட்டையை நீட்டினாள். வீரலட்சுமி ஒரு வாய் குடித்தாள். குடித்தது தொண்டையில் நின்றது.

காத்திருந்த குடங்களைச் சுற்றி மதார் பைக்கை மெதுவாக ஓட்டினான். அவனுக்கு அது அபூர்வமான சம்பவம்.

வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்திகள் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைத்தன. அங்கே மேற்பார்வை பார்க்கிறவர் நாகநாதன். முப்பது வருடம் உப்பில் நின்றவர், உள்ளங்கால் இரண்டும் வெடித்துக் கிடந்தன. வீரலட்சுமி போலீஸில் இருந்த காலத்திலிருந்தே பழக்கம். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து, ஒரு வாய் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினார்.

"கடலு" என்றார்.

"கடல்தண்ணியில நல்ல தண்ணியப் பிரிச்சு எடுத்துட்டு மிச்சத்த விடுறாங்களாம்ணே. அந்த மிச்சம் இது."

"எவன் சொன்னான்?"

"சணல் செருப்புப் போட்ட ஒரு பெரிய மனுசன்" என்றான் மதார்.

நாகநாதன் கொட்டகைக்குள் போய், உப்பின் டிகிரி பார்க்கிற கண்ணாடிக் குழாயை எடுத்து வந்தார். பாட்டில் தண்ணீரை ஒரு நீளமான டப்பாவில் ஊற்றி, குழாயை அதில் மிதக்கவிட்டார். அது ஆடி நின்றதும் குனிந்து பார்த்தார்.

"மூணரை டிகிரி. இந்தா, நீயே பாரு தாயி. கடல்தண்ணி எப்பவும் மூணரை. பாத்தியில வெயிலு குடிக்கக் குடிக்க ஏறி, இருபத்தஞ்சு வந்தா உப்பு வெளையும். தண்ணி கொறைஞ்சா டிகிரி ஏறணும், அதுதானே கணக்கு? அவன் பாதித் தண்ணிய எடுத்திருந்தா இது ஏழு நிக்கணும். கால்வாசி எடுத்திருந்தாக்கூட அஞ்சுக்குக் கிட்ட வந்திருக்கும்."

"அப்ப இதுலேர்ந்து..."

"ஒரு சொட்டுக்கூட எடுக்கல. கடல இழுத்துக் கடல்லயே விடுறான்."

மதார் தலையில் கை வைத்தான். "ஒரு மோட்டார வச்சுக் கடலுக்கு வாக்கிங் கூட்டிட்டுப் போயிருக்கான்க்கா!"

"புல்லுக்கும் நீச்சல் குளத்துக்கும் தண்ணி எங்கருந்து வருது?" என்று கேட்டாள் வீரலட்சுமி.

நாகநாதன் தோளைக் குலுக்கினார். "எனக்கு உப்புதான் தாயி தெரியும். ஆனா ஒண்ணு. நல்ல தண்ணி ஊறுற மணலுக்குக் கீழ ஆழமாக் குழி போட்டு உறிஞ்சுனா, அந்த எடத்துக்குக் கடல் வந்து ஒக்காந்துக்கிரும். பெறகு ஊத்து, ஊத்தா இருக்காது, உப்புப் பாத்திதான். உங்க பாத்தியா எங்க பாத்தியான்னு சண்டை போடலாம், அம்புட்டுதான்."

மணி இரண்டரை. பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரையும் அந்தக் கண்ணாடிக் குழாயையும் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். வீரலட்சுமியின் கையில் கேஸ் முடிந்துவிட்ட சந்தோஷம் கனத்தது. அவசரப்பட்ட சந்தோஷம் அது.

*

நாலு மணிக்குப் புல்வெளியில் சாமியானா. கமிட்டியில் மூன்று பேர். தலைவி, ஓய்வுபெற்ற பேராசிரியை சித்தி ஜுனைதா. தலையில் முக்காடு, மூக்கில் தடித்த கண்ணாடி, கையில் மூடி திறந்த பேனா. இளநீர் கொடுத்தார்கள், வேண்டாம் என்றார். ரோஜா மாலை கொண்டுவந்தார்கள், அதை மேஜை மேல் வைக்கச் சொன்னார். குருநாதன் கொஞ்சம் வேர்த்திருந்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பக்கம் நின்றார். பெண் கான்ஸ்டபிள் மீனம்மாளை அழைத்து வந்து அவர் பக்கத்தில் நிறுத்தினார். மன்னிப்புக் கடிதம் அவள் முன்னால் மேஜையில் கிடந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடம் இன்னும் காலிதான்.

"சுதந்திரமா விசாரிச்ச துப்பறியும் நிபுணர் தன் ரிப்போர்ட்டைப் படிப்பாங்க" என்றார் குருநாதன்.

வீரலட்சுமி ரிப்போர்ட்டைப் படிக்கவில்லை. பாட்டிலை மேஜை மேல் வைத்தாள்.

"இது இவங்க மெஷின் வெளியே விடுற தண்ணி. நல்ல தண்ணியப் பிரிச்ச மிச்சமா இருந்தா உப்பு டிகிரி அஞ்சுக்குக் கிட்டயாவது இருக்கணும். இது மூணரை. வெறும் கடல்தண்ணி. இந்த மெஷின் ஒரு சொட்டு நல்ல தண்ணியும் தயாரிக்கலை." கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுக் காட்டினாள். கமிட்டி குனிந்து பார்த்தது. மதார் நெஞ்சை நிமிர்த்தினான்.

குருநாதனும் குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார்.

"கரெக்ட்தான் மேடம். இன்னிக்குத் தயாரிக்கலை. எப்படித் தயாரிக்கும்? காலைல பைப்பை வெட்டிட்டாங்களே! உள்ளே காத்துப் புகுந்திடுச்சு. எல்லாத்தையும் கழுவுறதுக்காகச் சும்மா கடல்தண்ணியை ஓடவிட்டிருக்கோம். நாளைக்குத்தான் மெஷின் சரியாகும். இப்ப நீங்க பாக்கிற தண்ணி டேங்க்ல முந்தாநாள் சேமிச்சது." மீனம்மாள் பக்கம் கையை நீட்டினார். "இந்தம்மா செஞ்ச வேலைக்கு நீங்களே சாட்சி கொண்டுவந்துட்டீங்க. ரொம்ப நன்றி."

சித்தி ஜுனைதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர் சொல்றது சாத்தியம்தான். வேற ஏதாவது ஆதாரம் இருக்கா?" என்றார்.

வீரலட்சுமியிடம் இல்லை. காலையில் 'நல்லா வேலை செய்யுது' என்று அவரே கத்தியதைச் சொன்னால் மோட்டாரைச் சொன்னேன் என்பார், நண்டைச் சொன்னால் இன்று காலை வந்தது என்பார். குழாயை ரம்பத்தால் அறுத்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். ஆனால் வெட்டினேன் என்று மீனம்மாளே ஒப்புக்கொண்ட பிறகு ரம்பமா அரிவாளா என்று யார் கேட்பார்கள்? அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. மறுபடியும் ஒரு நிரபராதி, மறுபடியும் தன் முன்னால். மீனம்மாளைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு பயமும் இல்லை. ஒருவிதமான சலிப்புதான் இருந்தது. எத்தனையோ முறை சொல்லியும் காதில் வாங்காதவர்களைப் பார்க்கிற சலிப்பு.

'எங்க தண்ணிய எடுத்தான். வெட்டுனேன்.'

காலையில் அதைக் கோஷம் என்று நினைத்தாள் வீரலட்சுமி. போராட்டக்காரர்கள் எல்லோரும் சொல்கிற வார்த்தைதானே என்று தாண்டிப் போய்விட்டாள். கடல்தண்ணீரை யாராவது 'எங்க தண்ணி' என்பார்களா? குடத்தில் ஊற்றுகிற தண்ணீரைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

"மீனம்மா" என்று கூப்பிட்டாள். "பைப்பை வெட்டுனப்போ தண்ணி தெறிச்சுதா?"

"மூஞ்சியிலயே அடிச்சது. ரெண்டு கையாலயும் பிடிச்சு வயிறு முட்டக் குடிச்சேன்."

சித்தி ஜுனைதாவின் பேனா நின்றது. "குடிச்சீங்களா?"

"ஆமாம்மா. இனிச்சுக் கெடந்துச்சு. எங்க ஊத்துத் தண்ணிதான், எனக்குத் தெரியாதா? பொறந்ததுலேர்ந்து குடிக்கிறேன்."

"கடல் பைப்புல இனிப்புத் தண்ணி வருமாக்கா?" என்று மதார் வேண்டுமென்றே உரக்கக் கேட்டான்.

"கடல் பைப்பா?" மீனம்மாள் புருவத்தைச் சுருக்கினாள். "அது எங்கன இருக்கு? நான் அத வெட்டலையே!"

"பின்ன எங்க வெட்டுனீங்க?"

மீனம்மாள் அவர்கள் எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். போலீஸ், முதலாளி, துப்பறிகிறவள், கமிட்டி.

"வெடிஞ்சதுலேர்ந்து எட்டுப் பேரு கேட்டாச்சு. வெட்டுனியா, வெட்டுனியா, வெட்டுனியா. ஆமான்னேன். எங்கனன்னு ஒருத்தரும் கேக்கலையே." மணல்மேட்டைக் கையால் காட்டினாள். "அந்தா, ஆமை வேலிக்கு உள்ள. கறுப்பு ஓஸு."

குருநாதன் எழுந்தார். "பொய்! அங்கே யாரும் போகக் கூடாது, முட்டை இருக்கு!"

"ஆனி மாசத்துலயா?" என்றான் மதார். அவன் குரலில் இந்த முறை விளையாட்டு இல்லை. "நான் பெரியபட்டினத்துக்காரன் சார். எங்க வாப்பா கடலுக்குப் போனவரு. சித்திரையோட முட்டை பொரிஞ்சு குஞ்செல்லாம் கடலுக்குப் போயிரும். ஆனியில உள்ள என்னத்தப் பாதுகாக்குறீங்க? முட்டை ஓட்டையா?"

சித்தி ஜுனைதா எழுந்து செருப்பை மாட்டினார். "சாவி?"

சாவி வாட்ச்மேனிடம். காலையில் மீனம்மாளைப் பிடித்த வாட்ச்மேன் இப்போது லீவு. மாற்றுச் சாவி மதுரையில். இவ்வளவையும் குருநாதன் ஒரே மூச்சில் சொன்னார்.

"ஆடு போற வழி இருக்கும்மா. என் ஆடு ஒண்ணு நேத்து அந்த வலைக்கு அடியில பூந்துட்டு, வாய் நனைஞ்சு வெளிய வந்துச்சு. இந்தக் காய்ச்சல் வெயில்ல ஆட்டுக்கு வாய் ஏன் நனையுது? அதான் காலைல போய்ப் பார்த்தேன்" என்றாள் மீனம்மாள்.

"அந்த ஆட்டுக்கு நம்ம ஆபீஸ்ல வேல போட்டுக் குடுக்கணும்க்கா" என்று மதார் முணுமுணுத்தான். "நம்ம ரெண்டு பேரையும்விட அது கேள்வி நல்லாக் கேட்டிருக்கு."

வீரலட்சுமி தலையாட்டினாள். மறுக்க முடியவில்லை.

அறுபத்திரண்டு வயதுப் பேராசிரியை முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு வலைக்கு அடியில் குனிந்து நுழைந்தார். பின்னால் கமிட்டி நுழைந்தது. அதற்கும் பின்னால், வேறு வழியில்லாமல், சப்-இன்ஸ்பெக்டர்.

உள்ளே ஒரு ஆமை முட்டையும் இல்லை. தென்னை ஓலை பரப்பியிருந்தது. மதார் காலால் ஒதுக்கினான். சிமெண்ட் மூடி. மூடிக்குப் பக்கத்தில் மோட்டார். அதிலிருந்து மூன்று கறுப்பு ஓஸ்கள் மணலுக்குள் புகுந்து ரிசார்ட் பக்கம் போயின. ஒன்றில் மட்டும் புத்தம்புது வெள்ளை மூட்டு. இரண்டு பக்கமும் கன்னாபின்னாவென்று பிய்ந்த வெட்டு. அரிவாள் வெட்டு. மூட்டிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

மீனம்மாள் உள்ளங்கையைக் குவித்து ஏந்தினாள். நிறைந்ததும் நீட்டினாள். பேராசிரியை அதிலிருந்தே குடித்தார். திறந்திருந்த பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். குருநாதனின் அறுபது அறைகளும் அந்தச் சின்னச் சத்தத்தோடு முடிந்துபோயின.

கடல் குழாய் ஏன் ரம்பத்தால் அறுபட்டது என்று இனி விளக்க வேண்டியதில்லை. உண்மையில் வெட்டுப்பட்ட குழாயை வெளியே சொல்ல முடியாது. அதனால் சொல்லக்கூடிய ஒரு குழாயை அவர்களே அறுத்துவிட்டு, பழியை ஒப்புக்கொண்டவள் தலையில் வைத்திருக்கிறார்கள். அவள் ஒப்புக்கொண்டது வேறு என்பதை அவர்களைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

குருநாதனுக்கு வியாபார மூளை. சட்டென்று கணக்குப் போட்டார். சப்-இன்ஸ்பெக்டரைத் தனியே இழுத்தார். "சார், கம்ப்ளெய்ண்ட்டை வாபஸ் வாங்கிக்கிறேன். இப்பவே. இந்தம்மா வீட்டுக்குப் போகட்டும். எதுவும் எழுத வேண்டாம்."

சப்-இன்ஸ்பெக்டரின் முகத்தில் நிம்மதி படர்ந்தது. கேஸ் இல்லை என்றால் எந்தக் குழாய் என்ற கேள்வியும் இல்லை. மணல்மேட்டில் இருந்ததை நாளைக்கே அள்ளிக்கொண்டு போய்விடலாம். கமிட்டி சென்னைக்குப் போய்விடும்.

வீரலட்சுமிக்கு அது புரிந்தது. குருநாதன் டைப் அடித்துக் கொடுத்த ரிப்போர்ட்டைத் திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தில் பேனாவை அழுத்தி எழுதினாள். இரண்டே வரி. 'குழாயை வெட்டியது மீனம்மாள்தான். எந்தக் குழாய் என்பதை வாதி குருநாதன் நீதிமன்றத்தில் சொல்லட்டும்.' கீழே கையெழுத்துப் போட்டுப் பேராசிரியையிடம் கொடுத்தாள். எட்டு வருடங்களுக்கு முன் போட வேண்டிய கையெழுத்து இது என்று அவளுக்குத் தோன்றியது.

ஆனால் கேஸ் நடப்பதும் நடக்காததும் அவள் கையில் இல்லை. மீனம்மாளை நெருங்கித் தணிந்த குரலில் சொன்னாள், "வாபஸ் வாங்குறாரு மீனம்மா. நீங்க போகலாம். இருந்து வாக்குமூலம் குடுத்தா வெட்டுனதுக்கு வழக்கு நடக்கும், தண்டனைகூட வரலாம். யோசிச்சுக்கங்க."

மீனம்மாள் மன்னிப்புக் கடிதத்தை எடுத்துவரச் சொன்னாள். பேனாவையும் கேட்டாள். குருநாதன் ஓடிப்போய் எடுத்துவந்தார், பாவம், அவ்வளவு சந்தோஷம். அவள் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். 'தகராறு எதுவும் இல்லை' என்ற வரியை அடித்தாள். 'வருந்துகிறேன்' என்பதையும் அடித்தாள். மிச்சமிருந்த இடத்தில் கோணல் எழுத்தில், எழுத்துக் கூட்டி எழுதினாள்: 'ஆமை வேலிக்குள்ள ஓஸை வெட்டினது நான்தான். எங்க தண்ணி.'

கையெழுத்துப் போட்டு, சப்-இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கத் தயங்கினார். "ஏம்மா, அவருதான் வாபஸ் வாங்குறேங்குறாரே. பேசாம வீட்டுக்குப் போ."

"வீட்டுல தண்ணி இல்ல சார்" என்றாள் மீனம்மாள். "கோர்ட்டுக்கே போவோம்."